தாளாளர் ஒரு புரோட்டான்

எனக்கு அந்த வேலை வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ அறிவியலுக்குத் தொண்டு செய்தேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.எஸ்ஸி. வேதியியல், அதன் மேல் பி.எட். இவ்வளவு படித்தும் வேலை நிலைக்கவில்லை என்றால் மாமன் மகன் ராஜமாணிக்கத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். அவன் உரக்கடை நடத்தினான். யூரியாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "சாக்கு நெறைய யூரியா இருக்குது" என்றான். அதற்கு மேல் அவனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக அறிவியல் ஆசிரியை. தற்காலிகம் என்றால் ஜூன் மாதம் வந்தால் உண்டா இல்லையா என்று தாளாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தாளாளர் பெயர் கண்ணாயிரம். அரிசி மில் முதலாளி. நெற்றி நிறைய விபூதி, தோளில் சரிகை அங்கவஸ்திரம். டீச்சர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோரும் "இன்னாம்மா"தான். அவருடைய தம்பி மருமகள் ஏப்ரலில் பி.எட். முடிக்கப் போகிறாள் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு ஒரு நாற்காலி தேவை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் எட்டாம் வகுப்புக்கு அணு அமைப்புப் பாடம் வந்தது.

கரும்பலகையின் நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். இது அணுக்கரு, இதற்குள் புரோட்டானும் நியூட்ரானும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்றேன். புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தின் மேல் ஓர் எலக்ட்ரான். அது சுற்றுகிறது என்று காட்ட ஓர் அம்புக்குறி போட்டேன். கை போன போக்கில் அம்பு கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் வகுப்பே நான் பலகையில் ஏதோ கெட்ட வார்த்தை எழுதிவிட்டதைப் போலப் பார்க்கிறது.

ஆதிலட்சுமி எழுந்தாள். சன்னதித் தெருவில் கற்பூரக் கடை வைத்திருப்பவரின் மகள். பயபக்தியான பெண். சோதனைக் குழாயைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கையில் எடுப்பாள்.

"டீச்சர், எலக்ட்ரான் இடமா சுத்துதுங்க."

"சுத்தட்டும்."

"இடமா சுத்தக் கூடாதுங்க டீச்சர்."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்த ஊர்க் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்கப் பழகியவர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி எட்டரை மைல். சுற்றினால் வலமாகத்தான் சுற்றுவது. வழியில் செருப்பை மறந்து வைத்துவிட்டால்கூட நான்கு அடி திரும்பி நடக்க மாட்டார்கள். மலையை முழுதாகச் சுற்றி வந்துதான் எடுப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை நடுவில் ஒன்று இருந்து, அதைச் சுற்றி இன்னொன்று போனால், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் கேள்விக்கே இடமில்லை.

"எலக்ட்ரானுக்கு சாமி பூதம் ஒண்ணும் கெடையாதும்மா" என்றேன். "அதுக்கு இருக்கறது மின்சுமை மட்டும்தான். எலக்ட்ரானுக்கு எதிர் மின்சுமை, புரோட்டானுக்கு நேர் மின்சுமை. எதிரும் நேரும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். அந்த இழுப்புதான் எலக்ட்ரானை வெளிய ஓட விடாம வெச்சிருக்குது."

கடைசி பெஞ்சிலிருந்து பொன்னி கேட்டாள். "அப்போ இழுக்கறதாலதான் சுத்துது, பக்தியால இல்லீங்களா டீச்சர்?"

"ஆமா."

"எங்கப்பாவும் அப்டித்தான் டீச்சர் மலை சுத்துவாரு. எங்கம்மா புடிச்சி இழுத்தாத்தான்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதோடு மணி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வள்ளி என்ற உயரமான பெண் எழுந்து, "அணுக்கரு எவ்ளோ பெருசு இருக்கும் டீச்சர்?" என்று கேட்டுத் தொலைத்தாள். நல்ல கேள்வி. நல்ல கேள்வி கேட்டால் எனக்கு வாய் நிற்காது.

"நம்ம மலை சுத்தற பாதையத்தான் ஒரு அணுன்னு வெச்சிக்கோ. எலக்ட்ரான் அந்தப் பாதையில போவுது. அப்போ நடுவுல இருக்கற அணுக்கரு எவ்ளோ இருக்கும், சொல்லு."

"மலை அளவு."

"இல்ல. ஒரு எலுமிச்சம்பழம்."

ஆதிலட்சுமிதான் மெல்லக் கேட்டாள். "அப்போ மலைய இன்னா பண்றதுங்க டீச்சர்?"

"எடுத்துடு."

"எடுத்து?"

"செங்கம் பக்கமா தள்ளி வை. எட்டரை மைல் பாதை, நடுவுல ஒரே ஒரு எலுமிச்சம்பழம், ஓரத்துல கண்ணுக்கே தெரியாத எலக்ட்ரான். மிச்சமெல்லாம் வெறும் இடம்."

"காத்து இருக்குமில்ல டீச்சர்?" என்றாள் வள்ளி.

"காத்தே அணுக்களாலதான் ஆனது. அணுவுக்குள்ள காத்து எங்கேர்ந்து வரும்? ஒண்ணுமே கெடையாது."

பொன்னி பெஞ்சைத் தட்டிப் பார்த்தாள். "இந்த பெஞ்சுகூடவா?"

"பெஞ்சும் அணுதான். நீயும் அணுதான்."

"தாளாளர் சாரு?"

"அவரும்தான்."

"அவரு உள்ள ஒண்ணுமே இல்லீங்களா டீச்சர்?"

"முக்காலே மூணு வீசம் ஒண்ணுமே இல்ல" என்றேன். அறிவியல் ரீதியாக அது குறைத்துச் சொன்னதுதான்.

மறுநாள் காலை தாளாளர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உள்ளே தலைமை ஆசிரியை ரேணுகாம்பாள் சுவரோடு சுவராக நின்றிருந்தார். நாங்கள் அவரைப் பெரிய டீச்சர் என்போம். தாளாளர் இருமினாலே பெரிய டீச்சருக்கு வியர்க்கும். தாளாளர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னாம்மா, மலைய செங்கத்துக்குத் தள்ளிட்டியாமே."

"உதாரணத்துக்குச் சொன்னது சார்."

"உதாரணத்துக்கு உங்க ஊரு ஏரிய தள்றது. எங்க மலைதான் கெடச்சிதா? கற்பூரக் கடைக்காரரு காலங்காத்தால மில்லு வாசல்ல வந்து நிக்கறாரு. மலைய எடுத்துட்டு எலுமிச்சம்பழம் வெக்கச் சொன்னாங்களாம் டீச்சருன்னு."

"அணுக்கரு அவ்ளோ சின்னது சார்."

"எனுக்குள்ள ஒண்ணுமே இல்லன்னியாமே."

"எனுக்குள்ளயும் இல்ல சார். பெரிய டீச்சருக்குள்ளயும் இல்ல. எல்லாருக்கும் அப்டித்தான்."

பெரிய டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பயமா சிரிப்பா என்று தெரியவில்லை.

தாளாளர் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். அதையும் வலமாகத்தான் சுற்றினார், கவனித்தேன். "திங்கக்கெழம வேலூர்லேர்ந்து அதிகாரி வர்றாரு. ஒன் வகுப்பத்தான் பாக்கப் போறாராம், அறிவியல்னு குறிச்சி அனுப்பிட்டாரு. நல்லா கேட்டுக்கோ. இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள அணுவோ கிணுவோ, சுத்தறதுன்னா வலமாத்தான் சுத்தணும். ஒரு புள்ள இடமா சுத்தி, ஒரு வார்த்த கொறையா வந்துது, ஜூன்ல நீ வர வேணாம். ஆளு ரெடியா இருக்குது."

ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவினேன். கோபம் வந்தால் எனக்குக் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதிலும் அடை சுட்டிருக்கலாம். எலக்ட்ரானுக்கு வலம் இடம் சொல்லித்தர அரிசி மில்லுக்கு என்ன உரிமை என்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு, வலமாகவே சுற்றவைப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும்.

சனிக்கிழமை பிள்ளைகளை மைதானத்துக்கு வரச் சொன்னேன். படத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட அவர்களே அணுவாக ஆகிவிட்டால் மறக்காது என்று எனக்கு ஓர் எண்ணம். கோலமாவு எடுத்துவந்து வட்டம் போடச் சொன்னேன். வட்டம் போட இந்தப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நடுவில் குதிகாலை ஊன்றி, கையில் மாவோடு ஒரு சுழற்று. காம்பஸ் தோற்றுப் போகும்.

வள்ளி ஆக்சிஜனின் அணுக்கரு. எட்டுப் புரோட்டான், எட்டு நியூட்ரான் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் ஒருத்தி. அவளைச் சுற்றி உள்வட்டத்தில் இரண்டு எலக்ட்ரான், வெளிவட்டத்தில் ஆறு. இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் சின்ன வட்டம் ஒவ்வொன்று. அவை ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்கு ஒரே புரோட்டான், ஒரே எலக்ட்ரான். ஏழைப்பட்ட அணு.

"ஆக்சிஜனுக்கு வெளிவட்டத்துல எட்டு இருந்தாத்தான் நிம்மதி" என்று விளக்கினேன். "ஆறுதான் இருக்குது. ரெண்டு கம்மி. ஹைட்ரஜனுக்கு ரெண்டு இருந்தா நிம்மதி. ஒண்ணுதான் இருக்குது. இன்னா பண்றது?"

"கடன் வாங்கறது" என்றாள் ஒருத்தி.

"புடுங்கிக்கறது" என்றாள் பொன்னி.

"சில அணுங்க அதையும் பண்ணும். இதுங்க அப்டியில்ல. கூட்டு. இதோட எலக்ட்ரான் ஒண்ணு, அதோட எலக்ட்ரான் ஒண்ணு, ரெண்டையும் ரெண்டு வீட்டுக்கும் பொதுவா வெச்சிக்கும். பொதுவா வெச்சிக்கிட்டா விட்டுட்டுப் போவ முடியாது. அதான் பிணைப்பு. இப்டி அணுக்கள் சேர்ந்தா அதுக்குப் பேரு மூலக்கூறு. ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்தா தண்ணி."

ஒரு ஹைட்ரஜனின் எலக்ட்ரான் ஆதிலட்சுமி. அவளோடு கூட்டுச் சேர வேண்டிய ஆக்சிஜன் எலக்ட்ரான் பொன்னி. இரண்டு பேரும் இரண்டு வட்டத்தையும் மாற்றி மாற்றிச் சுற்றி வர வேண்டும். தாளாளர் உத்தரவுப்படி எல்லோரையும் வலமாக ஓடவிட்டேன். வட்டங்கள் தொடும் இடத்தில் ஒருத்தி தெற்கே பார்த்து ஓடிவந்தாள், இன்னொருத்தி வடக்கே பார்த்து ஓடிவந்தாள். நெற்றியும் நெற்றியும் மோதிய சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

மறுபடி ஓடச் சொன்னேன். மறுபடி மோதினார்கள். மூன்றாவது முறை ஆதிலட்சுமி ஓடுவதற்கு முன்பே அழுதாள்.

பொன்னி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கோலமாவில் விரலால் எட்டு என்று எழுதினாள். "டீச்சர், இத எழுதிப் பாருங்க. மேல் வட்டத்துல வெரலு ஒரு பக்கமா சுத்துது, கீழ் வட்டத்துல அடுத்த பக்கமா சுத்துது. ரெண்டு வட்டமும் ஒரே பக்கமா சுத்தி எட்டு போடவே முடியாது."

எழுதிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு மோதாமல் போக வேண்டும் என்றால், ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் சுற்றியாக வேண்டும். எல்லாம் வலமாகவே சுற்றினால் இந்த மைதானத்தில் ஒருநாளும் தண்ணீர் உருவாகாது.

"திங்கக்கெழம மூலக்கூறு வேணாம்" என்றேன். "தனித்தனி அணுவா சுத்திக் காட்டுங்க, போதும்."

"ஏன் டீச்சர்?"

"சொன்னா செய்."

இப்படிப் பேசும் டீச்சர்களைத்தான் நான் படிக்கும்போது வெறுத்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்தார். சகாதேவன் என்று பெயர். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி. ஆரத்தித் தட்டைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். தாளாளர் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார். என் வகுப்பிலிருந்துதான் வரவேற்புப் பாட்டுக்குக் கொஞ்சம் பேர், மாலைக்குக் கொஞ்சம் பேர், டிபன் பரிமாறக் கொஞ்சம் பேர் என்று பிடுங்கிக்கொண்டார். எனக்கு மிஞ்சியது பன்னிரண்டு பேர். நல்லவேளை, பொன்னியும் ஆதிலட்சுமியும் பாட்டுக்குத் தேறவில்லை.

புங்கமர நிழலில் நாற்காலி போட்டு அதிகாரியும் தாளாளரும் உட்கார்ந்தார்கள். பெரிய டீச்சர் நின்றார். நான் ஒருமுறை கை தட்டினால் எலக்ட்ரான்கள் ஓட வேண்டும், இன்னொரு முறை தட்டினால் நிற்க வேண்டும். தட்டினேன். ஆக்சிஜன் அழகாகச் சுற்றியது, வலமாக. ஒரு பக்க ஹைட்ரஜன் சுற்றியது, வலமாக. தாளாளர் தலையாட்டி ரசித்தார். தட்டினேன். நின்றார்கள்.

அதிகாரி பொன்னியைக் கூப்பிட்டார். "எலக்ட்ரான் நிஜமாவே இப்படித்தான் வட்டத்துல ஓடுமா?"

"இல்லீங்க சார். அது பஞ்சு முட்டாய் மாதிரி சுத்திலும் பரவி இருக்குமாம். இந்த எடத்துலதான் இருக்குன்னு கைய வெச்சிக் காட்ட முடியாதாம். டீச்சர் சொன்னாங்க. ஆனா பரீட்சையில வட்டம் போட்டாத்தான் மார்க்காம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அணுவைப் பார்த்தாச்சு. மூலக்கூறு எங்கே? தண்ணி எப்படி உண்டாகுதுன்னு காட்டுங்க."

"ஆள் கம்மிங்க சார்" என்றேன். அது பொய்யில்லை. "ரெண்டாவது ஹைட்ரஜனுக்கு எலக்ட்ரான் இருக்குது. நடுவுல நிக்கப் புரோட்டான் இல்ல. புள்ளைங்கள்லாம் டிபன் வேலையா போயிருக்காங்க."

"தாளாளர் சாரு நிக்கட்டுமே டீச்சர்" என்றாள் பொன்னி. "சும்மாதான ஒக்காந்திருக்காரு."

இதை நான் திட்டமிடவில்லை. ஆனால் அவள் வாயை அடைக்கவும் இல்லை.

"நானா?" என்றார் தாளாளர்.

"நடுவுல நிக்கறதுங்க சார். மத்தவங்கள்லாம் சுத்தறவங்க. புரோட்டான் மட்டும்தான் அசையாம நிக்கும்."

தாளாளரின் முகம் மலர்ந்தது. அதிகாரியும் "வாங்க சார், அறிவியலுக்காக" என்று கையை நீட்டினார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு கண்ணாயிரம் எழுந்துபோய்ச் சின்ன வட்டத்தின் நடுவில் நின்றார்.

"இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார்" என்றேன். "நேர் மின்சுமையோட நின்னாப் போதும்."

தட்டினேன். எல்லோரும் வலமாக ஓடினார்கள். அடுத்த கணம் பொன்னியும் ஆதிலட்சுமியும் மோதினார்கள். பொன்னி விழும்போது பிடிமானத்துக்குப் புரோட்டானின் அங்கவஸ்திரத்தைப் பற்றிக்கொண்டாள். அது கையோடு வந்துவிட்டது. தட்டி நிறுத்தினேன்.

அதிகாரி எழுந்து அருகே வந்து கோலத்தைப் பார்த்தார். "மோதாம எப்படி இருக்கும்? ரெண்டு வட்டமும் ஒரே பக்கமா சுத்துதே. ஒண்ணை எதிர்ப்பக்கமா சுத்தவிடுங்க, சரியாப் போகும். இது தெரியலையா டீச்சர் உங்களுக்கு?"

அதுதான் பொறுக்கவில்லை. காது சூடாகிவிட்டது. "தெரியும் சார். இந்தப் பள்ளிக்கூடத்துல எதுவும் இடமா சுத்தக் கூடாதுன்னு உத்தரவு."

"யார் உத்தரவு?"

பெரிய டீச்சர் வானத்தைப் பார்த்தார். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் புரோட்டானைப் பார்த்தார்கள்.

"அது வந்துங்க," என்றார் தாளாளர், "ஊரு வழக்கம்... ஒரு ஐதீகம்..."

"எலக்ட்ரானுக்கா?"

"புள்ளைங்களுக்குங்க."

"சரி, ரெண்டுல ஒண்ணு இடமா சுத்தணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பொன்னி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். அங்கவஸ்திரத்தை மரியாதையாக மடித்துத் தாளாளரிடம் கொடுத்தாள். "சார், உங்கள வலமா சுத்தட்டுங்களா, இடமா சுத்தட்டுங்களா?"

"வலமா" என்றார் தாளாளர் யோசிக்காமல்.

"அப்போ வள்ளிய இடமா சுத்தணுங்க சார்."

"என்ன எதுக்குடி இடமா சுத்தற?" என்று ஆக்சிஜன் அணுக்கரு சண்டைக்கு வந்தது. "எங்கம்மா கேட்டா தொலச்சிடும்."

ஆதிலட்சுமி மெல்லிய குரலில் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வதைப் போலச் சொன்னாள். "தாளாளர் சார வலமா சுத்தினா அது சாமிய சுத்தற மாதிரி. அண்ணாமலையாருக்குத்தான் அது. எங்கப்பாகிட்ட சொல்லணும்."

கற்பூரக் கடைக்காரர் பெயரைக் கேட்டதும் தாளாளருக்கு முகம் மாறியது. "இல்லம்மா, நான் அப்டி சொல்லல... என்ன இடமாவே சுத்திடுங்க."

"அய்யோ சார், இடமா சுத்தறது..." என்று ஆதிலட்சுமி நிறுத்திக்கொண்டாள்.

"எத?" என்று கேட்டார் அதிகாரி.

பொன்னிதான் சொன்னாள். "சுடுகாட்டுல பொணத்தங்க சார்."

அதிகாரி சட்டென்று மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. தாளாளர் நடு வட்டத்தில் நின்றார். ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் பிணம். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு இடமில்லை. வட்டத்தை விட்டு வெளியே வந்தால் வேலூர் அதிகாரியின் முன்னால் பாதிப் பாடத்தில் எழுந்துபோன பெயர். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. கடைசியில் சொன்னார். கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"அறிவியல்ல இன்னாம்மா வலம் இடம்? எப்டி வேணாலும் சுத்துங்க. நான் புரோட்டான்தான?"

தட்டினேன்.

ஆதிலட்சுமி கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தாள். பிறகு ஓடினாள். வள்ளியை வலமாகச் சுற்றினாள், வளைந்து, தாளாளரை இடமாகச் சுற்றினாள், மறுபடி வளைந்து வள்ளியிடம் போனாள். அவள் அந்தப் பக்கம் இருக்கும்போது பொன்னி இந்தப் பக்கம் இருந்தாள். எதிர்ப்பக்க ஹைட்ரஜனிலும் அப்படியே ஓடினார்கள். யாரும் யார் மேலும் படவில்லை. கோலமாவு புகையாகக் கிளம்பியது. திருவண்ணாமலையின் மார்ச் மாத வெயிலில், ஒரு சொட்டு ஈரமில்லாத அந்த மைதானத்தில், தண்ணீர் உண்டாகிவிட்டது.

"பிரமாதம்" என்றார் அதிகாரி. சுற்றிக்கொண்டிருக்கும்போதே தாளாளரிடம் கேட்டார். "இந்த டீச்சர் எத்தனை வருஷமா இருக்காங்க?"

"தற்காலிகங்க" என்றார் தாளாளர். பேசுகிறவரைப் பார்ப்பதா சுற்றுகிறவர்களைப் பார்ப்பதா என்று அவர் கழுத்து திணறியது. "இன்னாம்மா, போதும், நிறுத்து."

"மூலக்கூறு இன்னும் நெலையா வரல சார். கொஞ்சம் பொறுங்க" என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஜூன்ல நிரந்தரம் பண்றீங்களா?" என்றார் அதிகாரி.

"அது... ஜூன்ல வேற ஒருத்தங்க... பி.எட். முடிச்சி..."

பொன்னி வேகத்தைக் கூட்டினாள். நான் சொல்லவில்லை. ஆதிலட்சுமிக்கும் வேறு வழியில்லை, மோதாமல் இருக்க அவளும் கூட்டினாள்.

"அவங்க என்ன பட்டம்?"

"பி.ஏ.ங்க. வரலாறு. தலை சுத்துதும்மா, நிறுத்தச் சொல்லு."

"வரலாறு படிச்சவங்க அணு எப்படி நடத்துவாங்க? இது அறிவியல் பணியிடம். நான் குறிப்புல என்ன எழுதட்டும்?"

தாளாளர் என்னைப் பார்த்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அவரைச் சுற்றி ஒரு பாவாடை போனது, இன்னொரு பாவாடை வந்தது. எல்லாம் இடமாக.

"சரோஜா டீச்சரையே போட்டுடறோம்னு எழுதிக்குங்க சார்." என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இந்த ஜூன்லேர்ந்தா?"

"இந்த ஜூன்லேர்ந்துதாங்க."

கை தட்டினேன்.

அதிகாரி குறிப்பில் எழுதிவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு, வேலூருக்குப் போனார். தாளாளர் அவரை வழியனுப்பியதும் நேராக வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதாகப் பெரிய டீச்சர் சொன்னார். தம்பி மருமகளுக்கு வேறு ஊரில் நாற்காலி கிடைத்தது. அவர்களுக்குக் கிடைக்காமல் என்ன? ராஜமாணிக்கத்துக்கு அந்த ஆவணியில் போளூரில் பெண் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு யூரியாவைப் பற்றிக் கவலை இல்லையாம்.

மே மாதக் கடைசியில் என் நியமன உத்தரவு வந்தது. பெரிய டீச்சர் கையில் கொடுக்கும்போதே, "முழுசாப் படிச்சிடு சரோஜா" என்றார். படித்தேன். நிரந்தரப் பணி, அறிவியல் பாடம் என்று டைப் அடித்திருந்தது. அதன் கீழே தாளாளர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: இனிமேல் மைதானத்தில் எந்த அணுவையும் சுற்றவிடக் கூடாது.

ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார்கள். சாப்பாட்டு உப்பு எப்படி உண்டாகிறது என்று நடத்த வேண்டியிருந்தது. சோடியத்தையும் குளோரினையும் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வராந்தாவைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை.